பொய் சொன்ன குமிழ்

சியாமளாவுக்குக் காரில் ஏறின உடனேயே குமட்டிக்கொண்டு வந்தது.

வண்டி என்னவோ புதுசுதான். ஏசி ஜில்லென்று வீசியது. ஓட்டுகிற பையன் ஹரிஹரன், 'மேடம்' போடாமல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் உள்ளே தொங்கிய மல்லிகை சென்ட் டப்பா இருக்கிறதே, அது மூக்கில் ஏறித் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. பூ வாசனையா அது? கண்றாவி! பினாயில் ஊற்றிக் கழுவிய மண்டபக் கழிவறையில் யாரோ பூக்கூடையை மறந்து வைத்துவிட்டுப் போன வாடை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் துப்பறியும் நிலையம் நடத்தி, மாப்பிள்ளை குடிப்பானா, மாமியார் அடிப்பாளா என்று ஊர் ஊராக விசாரித்து, அடுத்த வீட்டு அழுக்கையெல்லாம் மோந்து பார்த்துப் பழகிய மூக்கு சியாமளாவுடையது. அதற்கே தாங்கவில்லை.

"மேடம், இந்த சென்ட்ட என் வெரல்ல கொஞ்சம் பூசிக்கட்டுமா? எரிச்சல் போவலன்னாலும் வெரலு மயக்கம் போட்டுடும்" என்றாள் பின் சீட்டிலிருந்து மார்கரெட்.

மார்கரெட் சியாமளாவின் உதவியாளர். கோவளத்துக்காரி. வாயை மூடவே தெரியாது. காலையில் ஆபீஸ் அடுப்பைத் துடைக்கிறேன் என்று குமிழ்களையெல்லாம் பிடுங்கித் தேய்த்து, திரும்பக் கோணலாக மாட்டிவைத்திருந்தாள். குமிழ் 'அணைந்தது' என்று காட்டியது. அடுப்போ பால் சட்டிக்கு அடியில் சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அதில் பட்டதுதான் அந்த விரல்.

"வாயிலயும் கொஞ்சம் பூசிக்கோ" என்றாள் சியாமளா. "நீங்க சொல்லுங்க தம்பி."

ஹரிஹரன் பாவமாக ஒரு சிரிப்புச் சிரித்தான். ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. மார்பில் 'கருங்கல்' என்று கொட்டை எழுத்தில் போட்ட கறுப்பு பனியன். அது அவனுடைய வருங்கால மனைவி அனு கிட்டார் வாசிக்கிற பேண்டின் பெயர்.

"அனு மாதிரி வாசிக்கிற பொண்ணு இந்தப் பக்கத்துலயே கிடையாது மேடம். அவ வாசிக்கிற ராக் வகைக்குப் பேரு மெட்டல்."

"எவர்சில்வரா, பித்தளையா?"

"மார்கரெட்டு!"

"பரவாயில்ல மேடம். எங்க அம்மாவும் அப்படித்தான் கேட்டாங்க." அவன் குரல் தேனாக வழிந்தது. அந்தத் தேனும் சியாமளாவுக்குப் பிடிக்கவில்லை. "மாமல்லபுரத்துக்கு முன்னாடி பீச் ரிசார்ட்ல ரெண்டு நாள் விழா. இன்னிக்கு முடியும்போது ஒரே ஒரு பேண்டைப் பொறுக்கி மூணு மாசம் ஊர் ஊரா வாசிக்கக் கூட்டிட்டுப் போறாங்க. நேத்து மத்தியானம் சவுண்ட் செக்ல அனு பின்னி எடுத்தா. சாயங்காலம் மேடைல ஏறினா கிட்டார் சத்தமே வெளிய கேக்கல. நிறுத்தினா 'ஊ'ன்னு ஊளை. ஜனங்க தண்ணி பாட்டிலை வீசிட்டாங்க மேடம். ராத்திரியே பாலா சொல்லிட்டான், இன்னிக்கு அவனோட சித்தப்பா பையன் வாசிப்பான், நீ வேணாம்னு. மெட்டு பூரா அவளோடது! இன்னிக்கு அவ மேடை ஏறலைன்னா அவ்ளோதான். கிட்டாரையே வித்துடறேன்னு சொல்றா."

பேசிக்கொண்டே இருக்கும்போது, டாஷ்போர்டில் காந்தத் தாங்கியில் ஒட்டியிருந்த அவன் செல்போன் வழுக்கிச் சாய்ந்தது. ஹரிஹரன் நிமிர்த்தி அமுக்கினான். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் மறுபடி சாய்ந்தது.

"புது ஹோல்டர்தான் மேடம். நேத்துலேருந்து படுத்துது."

"பாலாங்கிறது யாரு?"

"பேண்டோட தலைவன். பேஸ் கிட்டார். இது அவன் பண்ண வேலைதான் மேடம். சவுண்ட் செக் முடிஞ்சு அனுவோட கிட்டார் பெடல் பையை பேண்டு ரூம்ல வெச்சுப் பூட்டினோம். சாவி அவன்கிட்ட. ஷோ வரைக்கும் பை வெளியவே வரல. அவன்தான்னு நீங்க அனுகிட்ட நிரூபிச்சீங்கன்னா போதும். அந்தக் கும்பலை விட்டு அவளே வெளிய வந்துடுவா."

"யாருன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை. பாலான்னு நீங்களே முடிவு பண்ணிட்டா நான் எதுக்கு? கையெழுத்துப் போடவா?"

அவன் உடனே "ஸாரி மேடம்" என்றான். அந்த ஸாரி அவன் வாயிலிருந்து வந்த வேகமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. சில பேருக்கு மன்னிப்பு, மூச்சு மாதிரி தானாக வந்துகொண்டே இருக்கும்.

"உங்களுக்கு வாசிக்க வருமா?"

"ரூம்ல ஹெட்போன் போட்டுக்கிட்டு வாசிப்பேன். மேடை ஏறினதில்ல. ஆனா அனுவுக்கு ஆரம்பத்துல சவுண்ட் செட் பண்ணிக் குடுத்தது எல்லாம் நான்தான்."

ரிசார்ட் வாசலில் அவன் போனைப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஓடிவந்து சியாமளாவுக்குக் கதவைத் திறந்துவிட்டான். அவன் முன்னால் நடக்க, மார்கரெட் சியாமளாவின் காதோடு ஒட்டினாள்.

"யக்கா, பாத்தியா? போன எடுத்தான்ல, அந்தக் காந்தத்துல கம்மல் திருகாணி ஒண்ணு ஒட்டிகினு கீது. மாப்ள வண்டில வேற எவளோ ஏறி எறங்கியிருக்கா."

"வந்த வேலையைப் பாரு. இது கல்யாண விசாரணை இல்ல."

"பழக்க தோஷம்க்கா."

பின்பக்க வராந்தாச் சுவரில் 'கருங்கல்' பேண்டின் போஸ்டர் ஒட்டியிருந்தது. நான்கு பேர் நிற்கிறார்கள். கிட்டார் பிடித்திருந்த பெண்ணின் தலைக்கு மேல் ஒரு தாடிக்காரன் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே அவளுடைய கை, அவளுடைய கிட்டார், அவளுடைய வளையல். மேலே தாடி.

"சீ" என்றாள் சியாமளா. வாய் விட்டே சொன்னாள். ஒரு நாள் பொறுக்க முடியவில்லையாம்!

அறைக்குள் அனு கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்து, பொத்தேரியில் படித்து, ஹாஸ்டல் மொட்டைமாடியில் இந்த பேண்டை ஆரம்பித்தவள். கண் வீங்கியிருந்தது. கிட்டார் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டாகிவிட்டது.

"டிடெக்டிவ் எல்லாம் எதுக்கு ஆன்ட்டி? யாரும் ஒண்ணும் பண்ணல. என் கைதான் போயிடுச்சு."

"கை போச்சா, காது போச்சா, பொட்டி போச்சான்னு பாத்துட்டா தெரிஞ்சிடும். அந்தப் பெடலை எடு."

அனு பையிலிருந்து செங்கல்லில் பாதி அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டியை எடுத்தாள். காலால் மிதிக்க ஒரு பொத்தான். மேலே நான்கு குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் வெள்ளைக் கோடு. குமிழைச் சுற்றி, பெட்டியின் மேல், சிவப்பு நெயில் பாலிஷில் ஒவ்வொரு பொட்டு.

"மேடையில சத்தத்தைப் பெருசாக்குற ஆம்ப் ஊருக்கு ஊர் மாறும். என் சவுண்டு இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு ஆன்ட்டி. இது கெயின். எவ்ளோ ஏத்தறோமோ அவ்ளோ கரகரன்னு உறுமும். அப்புறம் அடிச்சத்தத்துக்கு பேஸ், நடுச்சத்தத்துக்கு மிட், மேல்சத்தத்துக்கு ட்ரெபிள். பொட்டுக்கு நேரா கோட்டை வெச்சுட்டா என் சவுண்டு வந்துடும்."

"பொட்டு யார் வெச்சது?"

"பாலிஷ் என்னோடது. ஐடியா ஹரியோடது. 'மேடைல பதட்டத்துல காது ஏமாத்தும் அனு, பொட்டு ஏமாத்தாது'ம்பான். நேத்து சத்தம் வரலைன்னதும் குனிஞ்சு பாத்தேன். நாலு கோடும் பொட்டுக்கு நேரா இருந்தது. அப்ப தப்பு என்கிட்டதானே?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதனாலதான் எதையும் திருகல."

ஹரிஹரன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தடவிக்கொடுத்தான். "அழாத அனு. உனக்கு இதெல்லாம் வேணாம்மா. நான் இருக்கேன்ல."

"வாசிச்சுக் காட்டு" என்றாள் சியாமளா.

அனு பூட்டைத் திறந்து கிட்டாரை எடுத்து, பெடல் வழியாக மூலையில் இருந்த குட்டி ஸ்பீக்கரில் சொருகி, சத்தத்தைக் குறைத்து, கம்பியை ஒரு இழுப்பு இழுத்தாள். சியாமளாவின் கடைவாய்ப் பல் வரைக்கும் கூசியது. மாவு மில்லுக்குள் ஆளைத் தள்ளிக் கதவைச் சாத்தினால் இப்படித்தான் இருக்கும். இதைக் கேட்க ஆயிரம் பேர் மணலில் நிற்கிறார்களாம்! காலம் கெட்டுக் கிடக்கிறது.

"இது நல்லா இருக்கா, நல்லா இல்லையா?"

"இங்க நல்லாத்தான் இருக்கு. நேத்து ஷோவுக்கு முன்னாடி இங்கயே வாசிச்சுப் பாத்தேன். எப்பவும் இருக்கிறதவிட கும்முனு இருந்தது. ஹரிகூட சொன்னான், செம வெயிட்டுன்னு." கிட்டாரை மறுபடி பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

கதவு தடாலென்று திறந்தது. கையில் பேஸ் கிட்டாரோடு ஒரு தடியன் நின்றான். பாலா.

"இன்னா, போலீசு நாயெல்லாம் வரலையா?" என்றான். "அனு, ரூமைக் காலி பண்ணு. என் தம்பி வந்துனு கீறான்."

"வர்றப்போ தலையை எடுத்துனு வரச்சொல்லு. ஒண்ணை போஸ்டர்ல வுட்டுட்டான்" என்றாள் மார்கரெட்.

பாலாவின் முகம் சிவந்தது. சியாமளா விடவில்லை. "தம்பி, இவ சத்தத்தைக் கெடுத்தா உனக்கு என்ன லாபம்?"

"லாபமா? பாட்டில் என் மண்டையிலயும்தான் வுழுந்துச்சு! சவுண்ட் செக்ல எப்படி இருந்துச்சு தெரியுமா? சாயங்காலம் இவ ரூம்ல வாசிக்கிற மாதிரி செட் பண்ணினு வந்துட்டா."

"ரூம்ல வாசிக்கிற மாதிரின்னா?"

பாலா எரிச்சலோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "தனியா வாசிக்கிறப்ப கெயினை ஏத்தி, பேஸை ஏத்தி, மிட்டைப் புடுங்கிட்டா வழுவழுன்னு பெரிய ஆளு வாசிக்கிற மாதிரி கேக்கும் மேடம். ஹெட்போன் பசங்க எல்லாம் அதைத்தான் பண்ணுவானுங்க. மேடைல கதையே வேற. அடியில இருக்கிற கும்மு என்னோட எடம். மேல ஜல்லு ஜல்லுன்னு டிரம்ஸு. கிட்டாருக்கு நடுவுலதான் எடம். அந்த நடுவையே புடுங்கிட்டா அவ எங்க நிப்பா? கெயினும் ஜாஸ்தியா வெச்சா வாசிக்கிறப்ப கொழகொழ, கையெடுத்தா ஊளை. மேடைல வாசிக்கிறவன் எவனும் ரூம்ல வெச்ச சவுண்டை நம்ப மாட்டான். எல்லாரும் சேந்து வாசிக்கிறப்ப, முழுச் சத்தத்துலதான் குமிழைத் தொடுவான்."

"நான் எதையும் மாத்தல பாலா!" அனு கத்தினாள். "கோடெல்லாம் பொட்டுக்கு நேராதான் இருந்தது!"

"அப்ப பேய் வந்து மாத்துச்சா?"

ஹரிஹரன் எழுந்தான். "சாவி உன்கிட்ட இருந்தது பாலா."

இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்கிற நேரம். மார்கரெட் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சுட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி, கெயின் குமிழை இடது கோடிக்குத் திருகிக்கொண்டிருந்தாள்.

"யக்கா."

"என்ன?"

"நம்ப ஆபீஸ் அடுப்பு மாரியே கீதுக்கா இது."

பாலாவும் ஹரிஹரனும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோ பாரு. ட்ரெபிள் குமிழை இந்தக் கோடி வரைக்கும் திருப்பினா கோடு கீழ, எடது மூலைல போய் நிக்கிது. கரீட்டா? கெயினைத் திருப்பினா கோடு வலது பக்கம் பாத்துகினு நிக்கிது. பேஸும் கோணல், மிட்டும் கோணல். எவனோ குமிழைக் கயட்டிக் கோணலா மாட்டியிருக்கான். கோடு பொட்டுக்கு நேரா நிக்கும், உள்ள கெயின் முழுசா எரிஞ்சிகினு இருக்கும்."

அனு பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். இடம், வலம், இடம் என்று திருகிப் பார்த்தாள். முகத்தில் இரத்தம் ஏறியது.

"என் கை இல்ல" என்றாள். யாருக்கும் இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். "என் கை போகல."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" ஹரிஹரன் பாலாவை நோக்கிக் கை நீட்டினான். "பூட்டின ரூம்ல உக்காந்து கழட்டியிருக்கான். மேடம், இப்பவாவது ஒத்துக்கறீங்களா? அனு, வா போலாம். இந்தச் சாக்கடையில நீ ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது."

சியாமளா பெட்டியை வாங்கி ஒவ்வொரு குமிழாக விரலால் ஆட்டிப் பார்த்தாள். மிட் குமிழ் மட்டும் ஆடும் பல்லாக ஆடியது. மற்ற மூன்றிலும் பக்கவாட்டில் ஒரு துளை, துளைக்குள் இறுக்கிப் பிடிக்கிற ஒரு குட்டி ஸ்க்ரூ. மிட்டில் துளை மட்டும் இருந்தது, ஸ்க்ரூவைக் காணோம்.

அவ்வளவு குட்டி ஸ்க்ரூ. கம்மல் திருகாணி அளவுதான் இருக்கும்.

சியாமளா பெட்டியைக் கட்டில் மேல் வைத்தாள்.

"தம்பி, உங்க வண்டில என் குடையை விட்டுட்டேன். சாவி குடுங்க, மார்கரெட் எடுத்துட்டு வரட்டும்."

"நானே போய் எடுத்துட்டு வரேன் மேடம்."

"நீங்க அனு பக்கத்துல இருங்க. இப்ப அவளுக்கு நீங்கதானே துணை?"

சாவி கைமாறியது. ஹரிஹரன் மறுபடி அனுவின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தடவினான். மார்கரெட் திருதிருவென்று விழித்தாள். குடை சியாமளாவின் கைப்பையிலேயே இருப்பது அவளுக்குத் தெரியும். சியாமளா வராந்தா வரை கூடப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏண்டி, தங்கம் காந்தத்துல ஒட்டுமா?"

மார்கரெட் வாயைத் திறந்தாள். மூடினாள். "கவரிங்குகூட ஒட்டாதுக்கா" என்றவள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினாள்.

சியாமளா திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாலா, மேடையில நிக்கிற ஆளு நீ. இன்னொருத்தன் சத்தத்தைக் கெடுக்கணும்னா என்ன பண்ணுவ?"

"வயரை வெட்டுவேன். ஒரு நிமிஷ வேலை."

"அதான். இவ்ளோ நோகாம யாரு பண்ணுவா? இதைப் பண்ணினவனுக்கு, மேடைக்குப் போறதுக்கு முன்னாடி இவ இங்க வாசிச்சுப் பாப்பான்னு தெரியும். இங்க கேக்கறப்போ நல்லா இருக்கணும், அங்க போய்ச் சாகணும். இங்க எது நல்லாக் கேக்கும்னு அத்துப்படியாத் தெரிஞ்ச ஆளு. அதைவிட முக்கியமா, அங்க சத்தம் செத்தா இவ குனிஞ்சு பொட்டைத்தான் பாப்பா, காதை நம்ப மாட்டான்னு தெரிஞ்ச ஆளு. பாலாவுக்கு அந்தப் பொட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"நெயில் பாலிஷ் கொட்டிடுச்சுன்னு நெனச்சினு இருந்தேன்" என்றான் பாலா.

ஹரிஹரனின் கை அனுவின் தோளிலேயே இருந்தது. தடவுவது மட்டும் நின்றிருந்தது.

மார்கரெட் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கையில் குடை இல்லை. போன் தாங்கியையே வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பிச்சிகினு வந்துட்டேன் மேடம். ஸாரி தம்பி, டாஷ்போர்டுல கொஞ்சம் தோலு வந்துடுச்சு."

வட்டக் காந்தத்தின் ஓரத்தில் அந்தக் குட்டி ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டிருந்தது. சியாமளா நகத்தால் நெம்பி எடுத்தாள். மிட் குமிழின் துளையில் வைத்து நகத்தாலேயே திருகினாள். மறு பேச்சில்லாமல் உள்ளே இறங்கியது. குமிழின் ஆட்டம் நின்றது.

"ஜாக்கிரதையான பையன் நீங்க தம்பி. சீட்டுக்கு அடியில உருண்டுடப் போகுதேன்னு கழட்டினதையெல்லாம் காந்தத்துல ஒட்டி வெச்சீங்க. ஒண்ணைத் திரும்ப எடுக்க மறந்துட்டீங்க. அதுமேலயே போனை ஒட்டினா எப்படி நிக்கும்? வழி பூரா வழுக்கிக்கிட்டே வந்தது. பை ரூமை விட்டு வெளிய வரலைன்னீங்க. இந்த ஸ்க்ரூ நடந்தா வந்து வண்டில ஏறிச்சு?"

அனு மெதுவாக அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளை ஓரமாக எடுத்து வைப்பதுபோல் வைத்தாள்.

"சவுண்ட் செக் முடிஞ்சு, பாலா சாவி குடுத்ததும், பையை நான் வெச்சுட்டு வரேன்னு வாங்கிட்டுப் போனியே ஹரி."

"அனு, கேளு. மூணு மாசம். ஊர் ஊரா. இவனுங்களோட. போய்ட்டு நீ வேற ஆளா வருவ. நான் உன்னைப் போகாதேன்னு சொல்ல முடியுமா? ஒரு நாளாவது வேணாம்னு சொல்லியிருக்கேனா? ஒரு நாளாவது?"

"சொல்லியிருக்கலாமே! சண்டை போட்டிருப்பேன். பதிலுக்கு நீயும் போட்டிருக்கலாம்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்."

சியாமளாவுக்குக் காறித் துப்பவேண்டும் போல் இருந்தது. குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனைப் பார்த்திருக்கிறாள். இரண்டு வீடு வைத்திருப்பவனைப் பார்த்திருக்கிறாள். அவர்களிடமெல்லாம் கொஞ்சமாவது பயம் இருந்தது, மறைத்துக்கொண்டார்கள். இவன் தானே குழி தோண்டித் தானே தள்ளிவிட்டு, தானே கைக்குட்டையும் நீட்டுகிறான். போதாதென்று, தான் செய்ததை இன்னொருவன் தலையில் கட்ட ஒரு துப்பறிவாளரையும் ஆபீஸ் தேடிப்போய் அழைத்து வருகிறான். கல்யாண விசாரணைக்காரிதானே, சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள் என்று நினைத்திருக்கிறான். அந்த நினைப்புக்காகவே இரண்டு அறை விடலாம்.

"நேத்து எல்லாரும் பாட்டில் வீசறப்போ நீ மட்டும் முன்வரிசைல நின்னு கை தட்டின" என்றாள் அனு. குரல் உயரவில்லை. "உன்னைப் பாத்துக்கிட்டேதான் கடைசி வரைக்கும் வாசிச்சேன்."

அவன் "ஸாரி" என்றான். அது மட்டும் தட்டுப்பாடில்லாமல் வந்தது.

அனு கிட்டார் பெட்டியின் பூட்டைத் திறந்தாள். பாலாவைப் பார்த்தாள்.

"உன் தம்பி?"

பாலா தலையைச் சொறிந்தான். "அவனுக்கு உன் மெட்டுல பாதி வராது. நேத்து நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

"போஸ்டர்லேருந்து தாடியைக் கிழி. அப்புறம் பேசலாம்."

மேடை கடலைப் பார்த்து இருந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது. உப்புக் காற்றில் பேனர்கள் படபடத்தன. கீழே மணலில் மிக்ஸர் மேஜைக்குப் பின்னால் சடையப்பன் உட்கார்ந்திருந்தார். திருப்போரூர்க்காரர், கோயில் திருவிழா முதல் கட்சிக் கூட்டம் வரை மைக் செட் கட்டுகிறவர்.

"இன்னாம்மா, இன்னிக்கும் ஊளைதானா?" என்றார். "நேத்துலேருந்து காதுக்குள்ள ங்கொய்னு கீது. வூட்ல பொண்டாட்டி பேசறதுகூட கேக்கல."

"அதுக்கு நீ அந்தப் பொண்ணுக்கு மாலை போடணும் அண்ணாத்த" என்றாள் மார்கரெட். "சரி, உன் ஸ்க்ரூட்ரைவரைக் குடு."

அனு மேடையில் மண்டியிட்டு, மூன்று குமிழ்களையும் கழற்றி, கோணல் நீக்கி மாட்டி இறுக்கினாள். பிறகு கிட்டார் வாசிக்கிற பிக்கை எடுத்துச் சிவப்புப் பொட்டுகளைச் சுரண்டத் தொடங்கினாள். ஒன்று. இன்னொன்று. நான்கும் உதிர்ந்தன.

"ஐயோ, சரியான எடத்துல இருந்த பொட்டுதானே அது?" என்றாள் சியாமளா மேடைக்குக் கீழிருந்து.

"இருக்கட்டும் ஆன்ட்டி. பாலா, நீயும் டிரம்ஸும் வாசிங்க. முழுச் சத்தத்துல. நிறுத்தாதீங்க."

இடி இறங்கியது. சியாமளா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சகிக்கவில்லை, உண்மையிலேயே சகிக்கவில்லை. அனு ஒரு கையால் கம்பியை அடித்து, குனிந்து, மறு கையால் திருகினாள். முதலில் கேட்டது வெறும் கொழகொழப்பு. கெயினை இறக்கினாள், கொழகொழப்பு வடிந்து, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழ ஆரம்பித்தது. பேஸை இறக்கினாள், பாலாவின் கும்மு தெளிவாக வெளியே வந்தது, அவன் தலையை ஆட்டினான். மிட்டை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். அந்தப் பெரிய சத்தத்துக்கு நடுவிலிருந்து கிட்டார் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது. பெட்டியை அவள் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சடையப்பன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மிக்ஸரில் குனிந்தார். சியாமளாவின் கை அவளுக்கே தெரியாமல் காதிலிருந்து இறங்கியிருந்தது.

"யக்கா, அந்த சென்ட் வண்டில நான் இனிமே ஏற மாட்டேன்" என்று கத்தினாள் மார்கரெட். "பஸ்ஸுல போலாம்."

"யார் ஏறச் சொன்னா?"

வாசித்து நிறுத்தியதும் கிட்டார் வெட்டினாற்போல் அடங்கியது. ஊளை இல்லை. அலை மட்டும் கேட்டது. அந்த இடைவெளியில்தான் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தத் தேன் குரல் வந்தது. இன்னும் போகாமல் அதே கறுப்பு பனியனோடு நின்றுகொண்டிருந்தான், வெட்கம் கெட்டவன்.

"அனு! மிட்டு ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தனியாக் கேட்டா காதை உறுத்தும்."

அனு மைக்கை இழுத்து வாய்க்கு நேராக வைத்தாள்.

"உறுத்தட்டும்" என்றாள். பெடலை மிதித்தாள்.